பயத்துக்கு ஒரு ‘சம்பவம்’ கட்டாயம் இருக்க வேண்டுமா?

கேள்வி (குன்னூரிலிருந்து, வயது 26): எந்த ஃபோபியாவாக இருந்தாலும் சின்ன வயதில் ஒரு சம்பவம் இருக்கும், அதைத் தோண்டி எடுத்துவிட்டால் பயம் தானாகப் போய்விடும் என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஊசி ஆகாது. ரத்தம் எடுக்க உட்கார்ந்தால் கண் இருட்டிவிடும், இரண்டு தடவை விழுந்தே விட்டேன். புது வேலைக்கு மெடிக்கல் செக்கப் கேட்கிறார்கள். எவ்வளவு யோசித்தும் சின்ன வயதில் எதுவும் நடந்ததாக நினைவில்லை. அப்பாவுக்கும் இதே கதைதான். சம்பவமே இல்லாமல் பயம் வருமா? இல்லை, ரத்தத்திலேயே வந்ததா?

ஜூன் 12, இரவு

தம்பி, கோத்தகிரியில் ஒரு லேபில் 19 வருடமாக ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. உங்களைப் போல வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். உட்காரும்போதே தெரிந்துவிடும். கையில் பட்டையைக் கட்டும்போது சுவரில் இருக்கும் காலண்டரை உற்றுப் பார்ப்பார்கள். இந்தக் குளிரிலும் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை நிற்கும். அப்புறம் ஒரு கொட்டாவி. அது வந்ததும் நான் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன், ஆள் சாயப்போகிறார் என்று அர்த்தம். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் கண் திறந்து, “சாப்பிடாம வந்துட்டேன் சிஸ்டர், அதான்” என்பார். ஃபாஸ்டிங் சுகருக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டா வருவார்? நானும் தலையாட்டி வைப்பேன்.

சம்பவம் இருக்கும் என்பதை நான் பாதி நம்புகிறவள். எனக்கே ஒன்று இருக்கிறது. ஆறு வயதில், பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில், ராத்திரி ஒரு விட்டில்பூச்சி காதுக்குள் போய்விட்டது. அம்மா தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கி ஊற்றி வெளியே எடுத்தாள். உள்ளே அது படபடத்த சத்தம் இப்போதும் கேட்கும். அன்றிலிருந்து விட்டில் என்றால் எனக்கு உயிர் போகும். இப்போது வயது 44. சம்பவத்தைத் தோண்டவே வேண்டாம், மேலாகவே கிடக்கிறது. பயம் மட்டும் போகவில்லை. அதனால் உங்கள் ரூம்காரர்கள் சொன்னதில் பின்பாதி தப்பு என்று இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 13, காலை

விட்டில் என்று நான் சொல்வது வெட்டுக்கிளி இல்லை. விளக்கைச் சுற்றி வரும் அந்துப்பூச்சி. மழை தொடங்கினால் இங்கே சுவரெல்லாம் அதுதான். சிலது ஒரு சாண் அகலம் இருக்கும். அந்தப் பெரிய அட்லஸ் வகைக்குச் சிறகு முளைத்த பிறகு தின்பதற்கு வாயே கிடையாது, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே சில நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வாயில்லாத ஜீவனுக்குப் பயந்து பாத்ரூமில் முக்கால் மணி நேரம் அடைந்து கிடந்தவள் நான்.

தெரிந்துகொண்டால் பயம் போகாததற்கு மூளை அமைப்பே ஒரு காரணம். ஜோசப் லெடூ என்ற நரம்பியல் அறிஞர் விளக்கியபடி, ஆபத்துச் செய்தி, மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதிக்கு இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று குறுக்குப்பாதை, அரைகுறையாகப் பார்த்ததை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். இன்னொன்று யோசிக்கிற மூளையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வரும். “அதுக்கு வாயே இல்லடி” என்கிற அறிவு அந்தச் சுற்றுப்பாதையில் வந்து சேர்வதற்குள் நான் நாற்காலியைத் தாண்டியிருப்பேன்.

சிரிக்க ஒன்று: குழந்தைகளுக்கும் நரம்பு கிடைக்காத பெரியவர்களுக்கும் நான் போடுகிற ஊசிக்கு லேபில் பெயர் பட்டர்ஃபிளை. அதற்கு எனக்குப் பயமில்லை.

ஜூன் 15

அப்பாவுக்கும் இதே கதை என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

பாம்பு, உயரம், லிஃப்ட், விட்டில் எதுவானாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பிரஷர் ஏறும், ஓடத் தோன்றும். மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் என்ற இந்த ஒரு வகையில் மட்டும் ஏறிய பிரஷர் சட்டென்று சரிகிறது, இதயத்துடிப்பு குறைகிறது, மூளைக்கு ரத்தம் பற்றாமல் ஆள் விழுகிறார். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது மற்ற பயங்களைவிட இந்த வகையில் அதிகம். இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மயங்குகிற உடல்வாகு முதலில் வந்து, பயம் அதன் பின்னால் வருகிறதோ? இரண்டு தடவை விழுந்தவர் மூன்றாம் தடவை பயப்படுவது ஊசிக்கா, விழுவதற்கா? சம்பவமே இல்லை என்கிறீர்கள். விழுந்ததையே ஏன் சம்பவமாக எடுத்துக்கொள்ளக் கூடாது?

இப்போது என் தப்பு ஒன்று. இத்தனை வருடமும் உங்களைப் போன்றவர்களிடம் “ரிலாக்ஸ் பண்ணுங்க, உடம்பை லூஸா விடுங்க” என்று சொல்லிவந்திருக்கிறேன். சரியப்போகும் பிரஷரை நானே இன்னும் சரிய விட்டிருக்கிறேன்! செய்யவேண்டியது நேர் எதிர். ஸ்வீடனில் லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980களில் உருவாக்கிய முறை: கை, கால், வயிறு எல்லாவற்றையும் 10, 15 விநாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் விட வேண்டும். முழுக்கத் தளரக் கூடாது, பழைய நிலைக்கு வந்தால் போதும். 20, 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து தடவை. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டு வந்தால் நாற்காலியில் கை கொடுக்கும். ரத்தம் எடுக்கிற கையை மட்டும் இறுக்கக் கூடாது, அது என் கஷ்டம்.

ஜூன் 15, பின்னேரம்

ரத்தத்திலேயே வந்ததா என்பதற்கு விடை எழுத விட்டுவிட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இந்த மாதிரிப் பயங்களுக்கு மரபின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று வருகிறது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப உன் பயத்துல மூணுல ஒரு பங்கு என் மாமியார் சீதனம்” என்கிறார். அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. ஊரில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் அவ்வளவு மரபால் விளக்கப்படுகிறது என்பதுதான் அதன் பொருள், தனி ஆளின் பயத்தை எடைபோட்ட கணக்கு இல்லை. அதுவும் பிறக்கும்போதே ‘ஊசி’ என்று எழுதிக்கொண்டு வருவதில்லை. சட்டென்று பதறுகிற, சட்டென்று மயங்குகிற சுபாவம்தான் பெரும்பாலும் வருகிறது. அது எதன் மேல் போய் ஒட்டுகிறது என்பது வேறு கதை.

ஜூன் 21

மேலே ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரடிக்குப் பயந்து நான் வெளியே வருவதில்லை, எனக்கும் ஃபோபியாவா?”

இல்லை அண்ணா, உங்களுக்குப் புத்தி இருக்கிறது. கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயை நக்கக் கரடி வருகிற ஊர் நம்முடையது. ஃபோபியா என்று சொல்ல, பயம் உண்மையான ஆபத்துக்கும் அந்த ஊர் வழக்கத்துக்கும் பொருந்தாத அளவு பெரிதாக இருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வேலையையோ வீட்டையோ கெடுக்க வேண்டும். சென்னையில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு கரடிக்குப் பயந்து மொட்டை மாடிக்குப் போகாமல் இருந்தால் அப்போது பேசலாம்.

யோசித்தால் விளக்கைத் தேடி வருவது இந்த ஊரில் இரண்டு பேர். பயப்படவேண்டியவரை விட்டுவிட்டு நான் மற்றவருக்குப் பயப்படுகிறேன்.

ஜூலை 2, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. ஜூன் 12இல் எழுதியதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது.

திருப்பூரில் இருக்கும் அக்காவுக்கு இன்று போன் போட்டேன். பேச்சோடு பேச்சாக, காதில் விட்டில் போன கதையை இப்படி ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. “அடியே, அது என் காதுடி.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை பிடித்தேன். அவள் வரிசையாகச் சொல்கிறாள்: சிம்னி விளக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்தது அவள். இடது காது. மறுநாள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் டார்ச் அடித்துப் பார்த்தது அவளை. நான் கதவோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றேனாம், அழக்கூட இல்லையாம். மூத்தவள் சொல்வதற்குச் சாட்சியும் இருக்கிறது. அந்தக் காதில் அவளுக்கு அப்புறம் இரண்டு வருடம் சீழ் வந்தது, எனக்கு வந்ததில்லை.

அந்தப் படபடப்பை நான் கேட்டேனே! 38 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே! அக்கா அழும்போது சொன்னதை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இன்னொன்று கேளுங்கள். அக்காவுக்கு விட்டில் பயம் துளியும் கிடையாது. தையல் மிஷின் மேல் வந்து உட்கார்ந்தால் இரண்டு விரலால் சிறகைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விடுகிறவள். அனுபவித்தவள் சும்மா இருக்கிறாள், பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு வியாதி.

ஜூலை 3

காலையில் நிதானமாக யோசித்தால் இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. 1977இல் ராக்மன் என்ற உளவியலாளர் பயம் வருவதற்கு மூன்று வழி சொன்னார்: தனக்கே நடப்பது, பிறர் பயப்படுவதைப் பார்ப்பது, சொல்லக் கேட்பது. நான் முதல் வழியில் வந்தவள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இரண்டாவது வழியில் வந்திருக்கிறேன்.

இரண்டாவது வழிக்கு 1980களில் சூசன் மினேக்கா என்ற உளவியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்புப் பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்துப் பதறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தன, அவ்வளவுதான், பயம் தொற்றிக்கொண்டது. அப்புறம் ஒரு தந்திரம் செய்தார்கள். வீடியோவை வெட்டி ஒட்டி, அதே குரங்கு பூவைப் பார்த்துப் பதறுவது போலக் காட்டினார்கள். பூப் பயம் வரவில்லை. பொம்மைப் பாம்பைக் காட்டினால் வந்தது. சில பொருள்கள் மேல் பயம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்படி ஒரு முன்தயாரிப்பு உயிரிலேயே இருக்கிறது என்று 1971இலேயே செலிக்மன் என்ற உளவியலாளர் எழுதியிருந்தார், அதற்கு இது பொருந்துகிறது. ஸ்விட்ச் போர்டு, பைக், கேஸ் அடுப்பு நம்மை எவ்வளவோ காயப்படுத்துகின்றன. அவற்றுக்கு ஃபோபியா என்று யாராவது வந்து பார்த்திருக்கிறீர்களா? பாம்பையே பார்க்காத பட்டணத்துக்காரருக்குப் பாம்புப் பயம் இருக்கும்.

விட்டில் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்காதீர்கள். பாம்பு கொல்லும், விட்டில் என்ன செய்யும்? எனக்கும் அங்கேதான் இடிக்கிறது.

ஜூலை 9

“அப்போ எல்லாம் அம்மா கத்தினதாலதான்” என்று ஒருவர் எழுதிவிட்டார். எதற்கெடுத்தாலும் அம்மா தலையில் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது 71. கேரட் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “பூச்சிக்கா கத்துனேன்? பாய் பத்திக்கிச்சுடி.”

நடந்தது இது. அக்கா வீறிட்டதும் அம்மா துள்ளி எழுந்தாள், கால் பட்டு விளக்கு உருண்டது, மண்ணெண்ணெய் கொட்டிப் பாயின் ஒரு முனை பிடித்துக்கொண்டது. அம்மா கத்தியது நெருப்புக்கு. கம்பளியால் அமுக்கி அணைத்தாள். அந்தக் கருகல் மணம்கூட எனக்கு நினைவில் இல்லை. கதவோரம் நின்ற ஆறு வயதுக் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: சுவரில் பெரிய நிழலாக ஒரு விட்டில், அம்மாவின் அலறல்.

1920இல் வாட்சன், ரேனர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆல்பர்ட் என்று பெயரிட்ட 11 மாதக் குழந்தைக்குச் செய்தது இதைத்தான். வெள்ளெலியைக் குழந்தை தொடப் போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில் குழந்தை எலிக்கு அழுதது, அப்புறம் முயலுக்கு, நாய்க்கு, ரோமக் கோட்டுக்கும் அழுதது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சோதனை செய்யாமலே சொல்லிவிட்டார்கள். இன்று அந்த மாதிரிச் சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள். ஒரே குழந்தையை வைத்துச் செய்தது என்ற குறையும் உண்டு. ஆனால் அம்மாவின் அலறல்தான் என்னுடைய இரும்புக் கம்பி என்று படித்தவுடன் பட்டது.

பயம் ஏன் விளக்கின் மேல் ஒட்டவில்லை என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. நெருப்புக்குக் காரணமே விளக்குதான். என் ஊகம் இது: சிம்னி விளக்கைத் தினமும் பார்க்கிறேன், அதன் வெளிச்சத்தில்தான் சாப்பிடுகிறேன், எழுதுகிறேன். ஒன்றும் நடக்காமல் நன்றாகப் பழகிப்போன பொருளின் மேல் புதிதாகப் பயம் எளிதில் ஒட்டாது, இது ஆய்வுகளிலும் வந்த விஷயம். அந்த அறையில் பழகாதது விட்டில் ஒன்றுதான். ஜூலை 3இல் இடித்த இடத்துக்கு முன்தயாரிப்பைவிட இந்த விளக்கம்தான் எனக்குப் பொருந்துகிறது. போதாததற்கு விட்டில் முகத்தை நோக்கி வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, தொட்டால் தூள் ஒட்டும். அருவருப்புக்கும் இதில் பங்கு உண்டு. சிலந்திக்குப் பயப்படுகிறவர்களிடமும் அது பார்க்கப்பட்டிருக்கிறது.

ஜூலை 10

விட்டுப்போனது. அந்த வாரமே அம்மா எனக்குப் ‘பயந்த கோளாறு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போனாள். வேப்பிலை, கையில் கறுப்புக் கயிறு. “விட்டிலைப் பாத்து பயந்துட்டா” என்று லைன் முழுக்கப் பேச்சு. அதுவரை நான் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். விட்டில் தூள் பட்டால் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வேறு. ராக்மனின் மூன்றாவது வழியும் ஆயிற்று.

ஆகஸ்ட் 4

குன்னூர்த் தம்பி அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்து எழுதியிருக்கிறார். அப்பாவுக்குச் சம்பவம் இருக்கிறதாம்! பத்து வயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி.

குன்னூர்க்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பயம் உண்டா? 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்த பழைய வெறிநாய்த் தடுப்பூசியை அங்கேயும் தயாரித்தார்கள். வயிற்றில் நாள் தவறாமல் போடுவார்கள். 2004 கடைசியோடு நாட்டிலேயே அதை நிறுத்தியாயிற்று. இப்போது போடுவது கையில், நாலைந்து தடவைதான். ஆனால் போன மாதம்கூட நாய்க்கடியோடு வந்த ஒரு பையன், “14 ஊசியா அக்கா?” என்றுதான் கேட்டான். 2004க்கு அப்புறம் பிறந்தவன். ஊசி போய் இவ்வளவு வருடமாகியும் கதை போகவில்லை. (நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்கு ஓடுங்கள். இந்தப் பயத்தால் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

தம்பி வீட்டில் அப்பா அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்? இவருக்குச் சம்பவம் நடக்கவில்லை, சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 4, சற்றுப் பிறகு

அதைவிட முக்கியமான வரி அவர் எழுதியதன் கடைசியில் இருக்கிறது. அதே நாய் பெரியப்பாவையும் கடித்தது. அவருக்கும் அதே 14. பெரியப்பா வருடத்துக்கு இரண்டு தடவை ரத்ததானம் செய்கிறவர்!

என் அக்காவையும் இந்தப் பெரியப்பாவையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க வேண்டும். நியூசிலாந்தில் டனிடின் என்ற ஊரில் 1972, 73இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். 5 முதல் 9 வயதுக்குள் மோசமாக விழுந்து அடிபட்ட பிள்ளைகளுக்கு 18 வயதில் உயரத்துக்குப் பயம் இருந்ததா என்று பார்த்தார்கள். சூடு கண்ட பூனைக் கணக்குப்படி அதிகமாக இருக்க வேண்டும். வந்ததோ நேர்மாறு: அப்படி விழுந்தவர்கள் உயரப் பயம் இல்லாதவர்களிடையேதான் கூடுதலாக இருந்தார்கள். பயமில்லாததால் மரமேறினார்கள், ஏறியதால் விழுந்தார்கள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ‘பாதி நம்புகிறேன்’ என்று ஜூன் 12இல் சொன்னதையும் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். சம்பவம் பலருக்கு நடக்கிறது, சிலருக்குத்தான் தங்குகிறது.

செப்டம்பர் 17

ஒரு மாதமாக எழுதவில்லை, டெங்கு சீசன், லேபில் நிற்க நேரமில்லை.

தங்குகிறது என்று எழுதினேனே, எங்கே தங்குகிறது? என் வீட்டில் ஆறு மணியைச் சொல்கிறேன். ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும். வாசக்கதவின் அடியில் பழைய டவல். திண்ணை டியூப்லைட் எரிந்தே பதினோரு வருடம் ஆகிறது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சோடு வாசலுக்குப் போவார், கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நாத்தனார் ஒரு தடவை மெழுகுவத்தியே வாங்கிவந்துவிட்டாள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் நெஞ்சிலிருந்து ஒன்று இறங்கும் பாருங்கள், அதுதான் விஷயம். மௌரர் என்ற உளவியலாளர் 1940களில் சொன்னது: பயத்தை உண்டாக்கியது ஒன்று, காப்பாற்றிவருவது இன்னொன்று. விலகி ஓடும்போது கிடைக்கிற நிம்மதிதான் அடுத்த தடவையும் ஓடச் சொல்லும் கூலி. ஓடிக்கொண்டே இருப்பதால், நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வராது. அந்த ராத்திரியை நான் 38 வருடம் தேய்த்துப் பார்த்தது வீண். என் பயத்துக்குத் தினமும் ஆறு மணிக்குச் சோறு வைத்தது நான்தான்.

வீட்டுக்காரரும் கூட்டாளி. அன்பால் செய்கிறார், வேறென்ன செய்வார்? ஆணாக இருந்திருந்தால் எனக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்பதையும் யோசிக்கிறேன். இந்த மாதிரிப் பயங்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தம், ஊசிப் பயத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘ஆம்பளப்பிள்ளை பயப்படலாமா’ என்று பையனைத் தள்ளிவிடுவார்கள், அவன் பூச்சியோடு பழகிவிடுவான். பெண்ணை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். காரணம் முழுக்க இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஹார்மோன் பற்றியும் பேசுகிறார்கள். ஆனால் எவ்வளவு தள்ளிவிட்டாலும், சரிந்து விழும் பிரஷரை ஒன்றும் செய்ய முடியாது பாருங்கள், அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாகிவிடுகிறார்கள். நாற்காலியில் சாய்கிற ஆண்கள் எல்லோரும் சாப்பிடாமல் வந்தவர்களாகவே இருப்பதும் இந்த ‘ஆம்பளப்பிள்ளை’யால்தான்.

செப்டம்பர் 18

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். சின்னவளுக்கு எட்டு வயது. நான் பாத்ரூம் போகுமுன் அவள் ஓடிப்போய் லைட் போட்டு, நாலு சுவரும் பார்த்து, “அம்மா, கிளியர்!” என்று கத்துவாள். எங்களுக்கு அது விளையாட்டு. போன வாரம் கத்தவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினாள், கை நடுங்கியது.

மிருகப் பயங்கள் பெரும்பாலும் தொடங்குகிற வயது இதுதான்.

மினேக்காவின் குரங்குக் கதையில் ஒரு பகுதியை ஜூலையில் சொல்லாமல் விட்டேன். பாம்புக்குப் பயப்படாத குரங்கை முதலில் பார்த்துப் பழகிய குட்டிகள், அப்புறம் பயந்த குரங்கைப் பார்த்தபோது பெரும்பாலும் பயத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தடுப்பூசி மாதிரி. சித்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்று என் அக்காவைப் பத்து நாள் வரச் சொல்லியிருக்கிறேன்.

(சித்தி இல்லை, பெரியம்மா. அக்கா படித்தால் இதற்கும் சண்டைக்கு வருவாள்.)

அக்டோபர் 8

டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. அங்கிருந்து ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். பூச்சி எப்போது காதில் போனது என்பதை ஐந்து நிமிடம் கேட்டார், ஆறு மணிக்கு என்ன செய்வேன் என்பதை ஒரு மணி நேரம் கேட்டார்.

முறை பழசுதான். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுப் பையன் சாப்பிடும்போது முயலை தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். இந்தப் படிப்படி முறையை 1958இல் வோல்பே என்ற மனநல மருத்துவர் ஒழுங்குபடுத்தினார். அதே ஓஸ்ட் 1989இல், தயாராக இருக்கிறவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒரே அமர்வில் முடிக்கும் வழியும் சொன்னார். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் படி, செல்போனில் படம். இரண்டாம் படி, செத்த விட்டில். வீட்டுக்காரர் பிடித்துவந்ததை வைக்கக் கண்ணாடிப் புட்டி தேடி, கடைசியில் லேபிலிருந்து மூடி போட்ட புது யூரின் டப்பா ஒன்று கொண்டுவந்தேன். எத்தனை பேரிடம் நீட்டியிருப்பேன் அந்த டப்பாவை! வாங்கிக்கொண்டு சங்கடமாக நெளிவார்கள். இப்போது என் முறை. சாப்பாட்டு மேஜையில் அது, எதிரில் நான். முதல் நாள் நூற்றுக்கு 80 பயம். நாலாம் நாள் 25. ஐந்தாம் நாள் அந்தச் சிறகில் கண் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் நூல் அளவு வெள்ளைக் கோடு இருப்பதைப் பார்த்தேன். 38 வருடத்தில் முதல் தடவையாக.

அக்டோபர் 26

பெருமை பேசியதற்குத் தண்டனை. சாப்பாட்டு மேஜையில் நின்றுபோன பயம் திண்ணையில் அப்படியே இருக்கிறது. நேற்று டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் உள்ளே ஓடிவிட்டேன், டவல் வேறு. ஆலோசகர் ஆச்சரியப்படவில்லை. பழைய பயம் அழிவதில்லையாம், அதன் பக்கத்தில் புதிதாக இன்னொரு பாடம் எழுதப்படுகிறது. புதுப் பாடம் எழுதிய இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேஜையில் எழுதினால் மேஜையில்தான் வேலை செய்யும். திண்ணையில், மழையில், பாத்ரூமில், தனியாக, இப்படி ஒவ்வோர் இடத்திலும் எழுத வேண்டும்.

அக்கா வந்துவிட்டுப் போய்விட்டாள். சின்னவளுக்குச் சிறகைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் அடுத்த அறையிலிருந்து பார்த்தேன்.

நவம்பர் 11

தம்பி ரத்தம் கொடுத்துவிட்டார்! குன்னூரில்தான், என்னிடம் இல்லை. நாற்காலி வேண்டாம், படுத்துக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொன்னாராம், காலையும் வயிற்றையும் இறுக்கினாராம், கண் இருட்டவில்லையாம். “சம்பவம் கிடைச்சுதான்னு கடைசிவரைக்கும் தெரியலை அக்கா” என்று எழுதியிருக்கிறார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கும் சுகர் பாருங்கள், இந்த ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டார்.

நவம்பர் 19, இரவு 9

மூன்று நாளாகக் கோத்தகிரியில் விடாத மழை. பாத்ரூம் சுவரில் ஒன்று, உள்ளங்கை அளவு, காப்பிப்பொடி நிறம். கீழே தரை டைல்ஸை வைத்துத் தூரம் கணக்குப் பார்க்கிறோம், ஒரு டைல் ஓரடி. போன வாரம் ஏழு டைல் தள்ளி நின்றேன். இன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டே நாலு. அது சிறகை ஒரு தடவை அசைத்தது, பேஸ்ட் புரையேறிவிட்டது, ஆனால் நகரவில்லை. நானும், அதுவும்.

சின்னவள் குனிந்து என் கட்டைவிரல் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு நாலு இல்லை, நாலரை என்கிறாள். அந்த அரையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. டேப் எடுக்கப் போயிருக்கிறாள்.